ஆறு பழம் என்பது எத்தனை கிராம்? கர்ப்பகாலத்தின் கடைசி மாதத்தில் நான் வாங்கிச் சாப்பிட்ட நான்கு வகைப் பேரீச்சைகள்

2025 மே 10-ஆம் தேதி, கத்திரி வெயிலின் நடுவில், எனக்கு 36 வாரம் நிறைந்தது. இரண்டாவது குழந்தை. பிரசவத்துக்கு இன்னும் 4 வாரம் இருக்கும்போது தினமும் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்டால் வலி தானாக வரும், ஊசி போட வேண்டியிருக்காது, சுகப்பிரசவம் ஆகும் என்று அம்மா, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் பிரசவத்தில் நீர்க்குடம் உடைந்தும் வலி எடுக்காமல், ட்ரிப் போட்டுப் பதினாறு மணி நேரம் தவித்தவள் நான். அதனால் இந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் விட என்னால் முடியவில்லை. எந்தப் பேரீச்சையை வாங்குவது, எவ்வளவு சாப்பிடுவது, சொல்லப்படும் பலனில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள அந்த நாட்களில் ஒழுங்கான ஒரு குறிப்பு கிடைத்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அதனால்தான் 25 நாட்களில் நான்கு வகைகளைச் சாப்பிட்ட அனுபவத்தையும், ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது வீணாகப் போனது. என் கணவர் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கடையில் சில்லறையாக அரைக் கிலோ வாங்கி வந்தார். பழங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன, கையில் எடுத்தால் விரல்கள் ஒட்டிக்கொண்டன. பேரீச்சையின் தோல் இயல்பாக அப்படிப் பளபளக்காது. குளுக்கோஸ் பாகு தடவி மினுமினுப்பு ஏற்றுவது இந்த வணிகத்தில் உள்ள பழக்கம்தான். பன்னாட்டு உணவுத் தரநிலையான கோடெக்ஸ்கூட, அதைப் பெயர்ச்சீட்டில் சேர்மானமாகக் குறிப்பிட்டால் அனுமதிக்கிறது. ஆனால் சில்லறையாக அள்ளித் தரும் பழத்துக்குப் பெயர்ச்சீட்டே கிடையாது. ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையாக இருக்கும் பழத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை இன்னொரு அடுக்காக ஏறியிருக்கிறதா என்பதை ஒரு கர்ப்பிணியால் அறிய முடியாது என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை. ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தபோது கொட்டையை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாக எச்சமும், நடுவில் கடுகளவு வண்டும் இருந்தன. மொத்தத்தையும் குப்பையில் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் சென்னை மண்ணடிக்குப் போனோம். ரம்ஜான் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்ததால் கூட்டம் குறைவு, கடைக்காரரும் நிதானமாகப் பேசினார். என் வயிற்றைப் பார்த்ததும், "எத்தனை மாசம்மா?" என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் உள்ளே போய் வேறு பெட்டியை எடுத்து வந்தார். ஒரு பழத்தை இரண்டு கட்டை விரல்களாலும் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். "வாயில போடறதுக்கு முன்னாடி இப்படிப் பொளந்து பாருங்கம்மா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாருங்க" என்றார். உட்புறம் தேன் நிறத்தில் நூல் நூலாக இருந்தால் நல்ல பழம். வெள்ளையாகச் சிறு கட்டிகள் தோலுக்கடியில் தெரிந்தால் அது சர்க்கரை படிந்தது, சாப்பிடலாம். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலவோ கரித்தூள்போலவோ இருந்தால் பூஞ்சை, தொடக்கூடாது. இந்த மூன்றையும் அவர் ஒரே நிமிடத்தில் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு பழத்தைக்கூட நான் பிளக்காமல் சாப்பிட்டதில்லை.

குர்ஆனின் 19-வது அத்தியாயமான மர்யமில் வரும் நிகழ்ச்சியையும் அவர்தான் சொன்னார். பிரசவ வேதனை மர்யம் அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு வருகிறது. மரத்தை உலுக்குங்கள், பழுத்த கனிகள் உங்கள்மீது உதிரும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திருங்கள் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. பிரசவத்தோடு பேரீச்சை சேர்த்துப் பேசப்படுவதற்கு மேற்காசியாவில் இருக்கும் ஆழமான வேர் இது. ஒரு நுணுக்கத்தை அவர் சொல்லித்தான் கவனித்தேன். அந்த வசனத்தில் வரும் அரபுச் சொல் ருதப். அது மரத்திலேயே பழுத்துச் சாறு நிறைந்திருக்கும் மென்மையான கனியைக் குறிக்கும். நாம் கடையில் வாங்கும் உலர்ந்த பழத்துக்குப் பெயர் தமர். நம் ஊரில் ஆண்டு முழுவதும் கிடைப்பவற்றில் ருதப்புக்கு மிக அருகில் வருவது எது என்று கேட்டதற்கு, அவர் கிமியா என்ற வகையின் பெட்டியைக் காட்டினார்.

நான் வாங்கியவை மெட்ஜூல், அஜ்வா, கிமியா ஆகிய மூன்றும். இவற்றோடு, வீட்டில் ஏற்கெனவே இருந்த, டிபார்ட்மென்டல் ஸ்டோரில் கிடைக்கும் கொட்டை நீக்கிய பாக்கெட் பேரீச்சையும் உண்டு. வீட்டுக்கு வந்ததும், கேக் செய்வதற்காக வாங்கிய டிஜிட்டல் தராசை எடுத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பழங்களைக் கொட்டை நீக்கி நிறுத்துப் பார்த்தேன். இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் அந்தத் தராசில்தான் தெரிந்தது. மெட்ஜூல் ஒன்று சராசரியாக 21 கிராம். கிமியா 9 கிராம். அஜ்வா 7 கிராம். பாக்கெட் பேரீச்சை 6 முதல் 7 கிராம். அப்படியானால், "தினமும் ஆறு பழம்" என்ற அதே அறிவுரையைப் பின்பற்றும் இரண்டு பெண்களில் ஒருவர் 40 கிராம் சாப்பிடுகிறார், இன்னொருவர் ஏறத்தாழ 126 கிராம் சாப்பிடுகிறார்.

இது ஏன் பெரிய வேறுபாடு என்பதைச் சர்க்கரைக் கணக்கில் பார்த்தால் புரியும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் மெட்ஜூலில் சுமார் 66 கிராம் சர்க்கரையும் 277 கலோரியும் இருக்கின்றன. ஆறு மெட்ஜூல் சாப்பிட்டால் 83 கிராம் சர்க்கரை உடம்பில் சேர்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைக் கண்டறிய நம் ஊரில் கலக்கிக் கொடுக்கும் குளுக்கோஸ் 75 கிராம்தான். அதைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய் என்று கணக்கிடுகிறார்கள். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யாவின் முயற்சியால் பரவலான அந்தச் சோதனையை நம்மில் பெரும்பாலோர் செய்துகொண்டிருப்போம். பேரீச்சையில் நார்ச்சத்து இருப்பதாலும், அதன் சர்க்கரையில் பாதியளவு ஃபிரக்டோஸ் என்பதாலும் அது குளுக்கோஸ் தண்ணீரைப்போல் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறாது என்பது உண்மைதான். ஆனாலும் பழம்தானே என்று எண்ணிப் பார்க்காமல் சாப்பிடக்கூடிய அளவு அல்ல அது. என் மருத்துவர், சர்க்கரைச் சோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் பேரீச்சைக்குச் சம்மதம் சொன்னார். சர்க்கரை நோய் இருந்து உணவுக் கட்டுப்பாட்டிலோ இன்சுலினிலோ இருப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. பேரீச்சையில் பொட்டாசியமும் அதிகம். 100 கிராமில் கிட்டத்தட்ட 700 மில்லிகிராம் இருக்கிறது.

இனி ஆய்வுகளுக்கு வருகிறேன். ஆறு பழம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்தது ஜோர்டானில் நடந்த ஆய்வு. 2007 பிப்ரவரி முதல் 2008 ஜனவரி வரை நடத்தப்பட்டு 2011-ல் வெளியான அந்த ஆய்வில், பிரசவத் தேதிக்கு முந்தைய 4 வாரங்கள் தினமும் ஆறு பேரீச்சை சாப்பிட்ட 69 பெண்களையும், சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் சேரும்போது சாப்பிட்டவர்களுக்குக் கருப்பை வாய் சராசரியாக 3.52 செ.மீ. திறந்திருந்தது, சாப்பிடாதவர்களுக்கு 2.02 செ.மீ. வலி தானாக எடுத்தவர்கள் முதல் குழுவில் 96 சதவீதம், இரண்டாவதில் 79 சதவீதம். வலி வரவழைக்கவோ கூட்டவோ மருந்து தேவைப்பட்டவர்கள் 28 சதவீதமும் 47 சதவீதமும். பிரசவ வலியின் தொடக்கக் கட்டம் ஒரு குழுவுக்கு 510 நிமிடம், மற்றதற்கு 906 நிமிடம், அதாவது ஆறரை மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசம். பதினாறு மணி நேரம் வலியில் கிடந்தவளுக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கொடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தினமும் பேரீச்சை சாப்பிடும் அக்கறையும் வசதியும் உள்ள பெண்கள் வேறு பல வகைகளிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் பழத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு மலேசியாவில் இருந்து 2017-ல் வந்தது. முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த, சிக்கல் எதுவும் இல்லாத 154 பெண்களை 77 பேராக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 37-வது வாரத்திலிருந்து தினமும் ஏழு பேரீச்சை கொடுத்தார்கள். அதன் முடிவை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேரீச்சை சாப்பிட்டதால் வலி முன்கூட்டியே எடுக்கவில்லை. அந்த வகையில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எடுத்த வலியைக் கூட்ட மருந்து தேவைப்பட்டவர்கள் பேரீச்சைக் குழுவில் 37 சதவீதம், மற்றதில் 50 சதவீதம். ஈரானில் நடந்த ஆய்வு ஒன்றில் எண்ணிக்கைக்குப் பதிலாக எடையே சொல்லப்பட்டது: 37-வது வாரத்திலிருந்து தினமும் 70 முதல் 75 கிராம். அங்கேயும் முதல் பிரசவப் பெண்களுக்குக் கருப்பை வாய் பிரசவத்துக்குப் பக்குவப்படுவதில் முன்னேற்றம் தெரிந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2020-ல் வெளியான தொகுப்பாய்வு, கருப்பை வாயின் பக்குவம் கூடுகிறது, வலி வேகமெடுக்கும் கட்டம் சற்றுச் சுருங்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. சிசேரியன் விகிதம் குறையவில்லை என்பதையும், ஆதாரங்களின் தரம் குறைவு என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடந்தன. அந்த அச்சத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம், "பேரீச்சை சாப்பிட்டால் ஆபரேஷன் வராது" என்று சொல்வது அவளுக்கு ஆறுதல்போல் தோன்றினாலும், நாளை ஆபரேஷன் தேவைப்பட்டால் "நான் சரியாகச் சாப்பிடவில்லையோ" என்ற குற்ற உணர்வை அவள் தலையில் ஏற்றிவிடும். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நச்சுக்கொடி கீழிறங்கி வழியை அடைத்திருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறினாலோ எந்தப் பழத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தேதி தாண்டியும் வலி வரவில்லை என்று இன்னும் பத்துப் பழம் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்து. அசைவு குறைந்தாலும், நீர் போனாலும், உதிரம் பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேரீச்சையில் உள்ள ஏதோ ஒன்று, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் அங்கே வேலை செய்யும் இடங்களைத் தூண்டுகிறது என்றும், அதன் கொழுப்பு அமிலங்கள் கருப்பை வாயை இளக்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாக உதவுகின்றன என்றும் விளக்கங்கள் உண்டு. இவை இன்னும் உறுதியாக நிறுவப்படாத ஊகங்கள்தான். வலிக்கிற நேரத்தில் உடம்புக்குத் தேவையான சக்தியை எளிதாகக் கொடுக்கிறது என்ற சாதாரணமான விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தக் கணக்குகளையெல்லாம் பார்த்த பிறகு, எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு 70 கிராம் என்று எனக்கு நானே அளவு வைத்துக்கொண்டேன். அது மெட்ஜூலில் மூன்று பழத்துக்குச் சற்று மேல், கிமியாவில் எட்டு, அஜ்வாவில் பத்து. காலையில் பாதி, மாலையில் பாதி, கூடவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. கடலையோடு சாப்பிட்டபோது வயிறு நிறைந்தது, அடுத்த வேளை பசியும் சீராக இருந்தது. வெறும் பழமாக இரவில் சாப்பிட்ட இரண்டு நாளும் நெஞ்செரிச்சலில் தூக்கம் போனது.

மெட்ஜூலைப் பற்றி முதலில் சொல்கிறேன். மொராக்கோவில் பிறந்த வகை இது. நான் வாங்கியது ஜோர்டானில் விளைந்தது. கிலோ 1,300 ரூபாய். தோல் மெல்லிய காகிதம்போல் சுருங்கி, சதை கெட்டியான அல்வாபோல் இருக்கும். சுவையில் நான்கிலும் இதுவே முதலிடம். ஆனால் ஒன்று எடுத்தால் நிறுத்த மனம் வராது, ஒன்றின் எடையோ மற்றவற்றில் இரண்டு மூன்றுக்குச் சமம். கர்ப்பிணிக்குப் பரிசாக வாங்கிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள், அதனோடு "தினமும் ஆறு" என்ற அறிவுரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சேர்க்கைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு நாள் அளவான 70 கிராமுக்குக் கொட்டைக் கழிவையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 ரூபாய் ஆகிறது. ஒரு மாதத்துக்கு 3,000 ரூபாய் இதற்காகச் செலவழிக்க வேண்டிய அவசியம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

அஜ்வா மதீனாவில் விளையும் வகை. சிறியது, கறுப்பு, தோலில் மெல்லிய வெண் கோடுகள் ஓடும். கிலோ 1,100 ரூபாய். இனிப்பு மட்டானது, கடைசியில் உலர்ந்த திராட்சையின் சாயல் வரும். இஸ்லாமியக் குடும்பங்களில் இதற்கு இருக்கும் புனித மதிப்பு வேறு. அதை விலையோடு வைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. பிரசவப் பலனை மட்டும் கருதி வாங்குபவர்களுக்குச் சொல்வதானால், மற்ற வகைகளைவிட அஜ்வா கூடுதலாக உதவும் என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. சதை சற்று உலர்ந்திருப்பதால், மென்று விழுங்க எனக்கு நேரம் பிடித்தது. சிறிய பழம் என்பதால் அளவு மீறும் ஆபத்து குறைவு என்பது இதன் நல்ல அம்சம்.

கிமியா என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பது ஈரானின் மஸாஃபதி வகை. கெர்மான் மாகாணத்தில் உள்ள பம் நகரைச் சுற்றி விளைவது. அரைக் கிலோ பெட்டி 220 ரூபாய். ஈரப்பதம் அதிகம் என்பதால் நாவில் வைத்ததும் கரைகிறது, பல்லில் ஒட்டுவதும் குறைவு. கடைசி மாதத்தில், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு முட்டும் நிலையில், எனக்கு எளிதாக இறங்கியது இதுதான். 25 நாளில் 17 நாள் இதைத்தான் சாப்பிட்டேன். இதன் பலவீனமும் அந்த ஈரப்பதம்தான். மே மாத வெயிலில் ஒரு பெட்டி மூன்று நாள் சமையல் மேடையிலேயே இருந்துவிட்டது. நான்காம் நாள் திறந்தபோது கள் வாடை அடித்தது, பழத்தின் மேல் சின்னக் குமிழிகள். புளித்துவிட்ட அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கடையில் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும், வீட்டிலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 ரூபாய். மறுபடி வாங்குவேனா என்றால், தயங்காமல் இதைத்தான் வாங்குவேன்.

பாக்கெட் பேரீச்சையை யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அரைக் கிலோ 160 ரூபாய். கொட்டைக் கழிவு இல்லை. நாளொன்றுக்கு 22 ரூபாய்தான். மாதச் சம்பளத்தில் மருத்துவமனைச் செலவுக்கும் எடுத்து வைக்க வேண்டிய வீடுகளுக்கு இது போதும். சதை அழுத்தி அடைக்கப்பட்டிருப்பதால் கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும், ருசியும் சற்று மந்தம். வெதுவெதுப்பான பாலில் கால் மணி நேரம் ஊறவைத்துச் சாப்பிட்டால் அந்தக் குறை தெரியாது. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, சேர்மானத்தில் பேரீச்சை என்பது மட்டும் இருக்கிறதா, குளுக்கோஸ் பாகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், கெடும் தேதியும் இருக்க வேண்டும். கொட்டை நீக்கும்போதே பழம் திறந்துவிடுவதால் உள்ளே பூச்சி இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம், இதையும் விரித்துப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

பேரீச்சை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. எனக்கு ஹீமோகுளோபின் 10.2 இருந்ததால், அத்தை இதற்காகவே அதிகம் சாப்பிடச் சொன்னார். 100 கிராம் பேரீச்சையில் இருக்கும் இரும்புச்சத்து 1 மில்லிகிராம் அளவுதான். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்திருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆகவே பேரீச்சை சாப்பிடுகிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு. "மாத்திரை சாப்பிட்டா மலச்சிக்கல் வருது அத்தை, அதுக்குத்தான் பேரீச்சை, ரத்தத்துக்கு மாத்திரை" என்று நான் பிரித்துச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டார். அது வெறும் சமாதானப் பேச்சும் அல்ல. மாத்திரை தொடங்கியதிலிருந்து என்னை வாட்டிய மலச்சிக்கல், பேரீச்சை தொடங்கிய ஐந்தாறு நாளில் குறைந்தது. 70 கிராமில் கிட்டத்தட்ட 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. நான்கு வகையிலும் சந்தேகமில்லாமல் நான் உணர்ந்த பலன் இது ஒன்றே. சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கர்ப்பகாலத்தில் ஈறு வீங்கியிருக்கும்போது ஒட்டும் சர்க்கரை பல்லிடுக்கில் தங்குவது நல்லதல்ல.

என் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். ஜூன் 4-ஆம் தேதி, 39 வாரமும் 4 நாளும் ஆகியிருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு இடுப்பில் வலி தொடங்கியது. சூட்டு வலியாக இருக்கும் என்று அத்தை சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்தும் வலி தணியாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. ஐந்து மணிக்கு மருத்துவமனையில் பரிசோதித்தபோது கருப்பை வாய் 5 செ.மீ. திறந்திருந்தது. ட்ரிப் போடவில்லை. 8.40-க்குப் பெண் குழந்தை பிறந்தாள்.

இதைப் பேரீச்சையின் வெற்றி என்று எழுதினால் படிப்பவர்களை ஏமாற்றியவளாவேன். இரண்டாவது பிரசவம் பொதுவாகவே முதலாவதைவிட விரைவாக நடக்கும். ஒரு தடவை விரிந்த கருப்பை வாய் அடுத்த தடவை எளிதில் விரிகிறது. முதல் தடவை நான் பேரீச்சை சாப்பிடவில்லை, இரண்டாம் தடவை சாப்பிட்டேன் என்ற ஒப்பீடு எதையும் நிரூபிக்காது. மருந்தின் தேவை ஓரளவு குறையலாம் என்று மலேசிய ஆய்வு காட்டுவதையும், வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 70 கிராம் பேரீச்சை தீங்கு செய்யாத நல்ல உணவு என்பதையும் சேர்த்துப் பார்த்து, என் தங்கைக்கு முறை வந்தால் சாப்பிடச் சொல்வேன். கூடவே அந்தத் தராசையும் கொடுத்து அனுப்புவேன்.

கடைசியாக ஒன்று. தருமபுரி மாவட்டத்தில் பர்ஹி என்ற வகைப் பேரீச்சை பயிராகிறது; ஜூன் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை பச்சைப் பழமாகவே கொத்தோடு விற்பனைக்கு வருகிறது. எனக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் அது கைக்குக் கிடைத்தது. மஞ்சளாக இருக்கும்போது கடித்தால் கரும்பும் ஆப்பிளும் கலந்ததுபோல் மொறுமொறுவென்று இருந்தது. ஒரு கொத்தைத் துணியில் பரப்பி வைத்தேன். மூன்றாம் நாள் நுனியிலிருந்து பழுப்பேறி, நான்காம் நாள் விரல் பட்டாலே தோல் கழன்று, உள்ளே பாகுபோல் இளகியிருந்தது. மண்ணடிக் கடைக்காரர் சொன்ன ருதப் அதுதான். ஒன்று 12 கிராம், அதில் நீர் அதிகம் என்பதால் அதே எடையுள்ள உலர்ந்த பழத்தைவிட இனிப்பு குறைவு. ஆடியிலோ ஆவணியிலோ பிரசவத் தேதி குறித்திருப்பவர்கள் பழக்கடையில் மஞ்சள் கொத்தைப் பார்த்தால், பழுப்பேறத் தொடங்கிய கொத்தாகப் பார்த்துக் கேளுங்கள்.